தொண்டிக் கடலில் ஒரே இடத்துக்கு நான்கு முகவரிகள்

காரைக்குடியில் பதினொரு ஆண்டுகளாக மெஸ் நடத்தி வருகிறேன். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நண்டு மசாலாவுக்காகவும் நண்டு ரசத்துக்காகவும் வருகிறவர்கள் என்பதால், நண்டு கிடைக்காத நாளில் இலை போட்டு உட்கார்ந்தவரிடம் காரணம் சொல்வதே தனி வேலையாகிவிடும். இடைத்தரகர்களிடம் வாங்கி அலுத்துப்போய், தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்கு நானே போய் வாங்கத் தொடங்கினேன். அந்தப் பழக்கத்தில் அங்கே ஒரு பெரியவரோடு நட்பு ஏற்பட்டு, அவரோடு பாதிப் பங்காகப் பழைய ஃபைபர் வல்லம், அதாவது சிறிய நாட்டுப்படகு, ஒன்றை வாங்கினேன். என் பங்கு 1,70,000 ரூபாய். பணம் போட்டவன் கரையில் இருந்தாலே போதும் என்று பெரியவர் சொன்னார். எனக்குத்தான் கடலுக்குப் போகும் ஆசை விடவில்லை. அந்த ஆசையால் ஒரே பருவத்தில் எனக்கு ஆன இழப்பு 1,00,700 ரூபாய். அதில் பெரும்பகுதி காற்றாலோ மழையாலோ போனதன்று. கையில் இருந்த வரைபடக் கருவிகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காமல் எல்லாவற்றையும் நம்பியதால் போனது. இதை எனக்கு முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால் ஒரு மாலைப்பொழுதில் சரிசெய்திருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

வல்லத்தோடு ஒரு பழைய ஜிபிஎஸ் பெட்டியும் வந்தது. ஆழம் காட்டும் எக்கோவும் அதிலேயே சேர்ந்திருந்தது. என் கைபேசியில் மீனவர்களுக்கான செயலி ஒன்றை ஏற்றிக்கொண்டேன். பன்னாட்டுக் கடல் எல்லை நெருங்கினால் அது ஒலி எழுப்பும். பெரியவரின் பேரனுக்கு வயது 22. எங்களோடு வேலைக்கு வருகிறவர். அவருடைய கைபேசியில் இலவசக் கடல் வரைபடம் ஒன்று இருந்தது. நான்காவதாகப் பெரியவரின் நோட்டுப் புத்தகம். அதில் ‘பாயிண்ட்’ என்று அவர்கள் சொல்லும் இடக்குறிப்புகள் முப்பதுக்கு மேல், பல வண்ணப் பேனாக்களில், பல ஆண்டுகளாக எழுதப்பட்டிருந்தன. நான்கு துணைகள் இருக்கும்போது வழி தவறுமா என்று எண்ணினேன். ஜிபிஎஸ் பெட்டியைப் பொருத்த 1,500 ரூபாய் வாங்கிய கடைக்காரர், மின்கம்பியை இணைத்துத் திரை எரிகிறதா என்று பார்த்ததோடு போய்விட்டார். அதன் அமைப்புகளை அவரும் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை.

முதல் அடி ஆனி மாதத்தில் விழுந்தது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. அது முடிந்து இரண்டாவது வாரம். மாலையில் நண்டு வலையை இறக்கிவிட்டு, இடத்தை என் கைபேசியைப் பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொண்டேன்: வடக்கு 9 டிகிரி 40 நிமிடம் 50 விநாடி, கிழக்கு 79 டிகிரி 8 நிமிடம் 40 விநாடி. தொண்டியிலிருந்து ஏறக்குறைய எட்டுக் கடல் மைல். மறுநாள் விடியற்காலை 4 மணிக்கு அந்த எண்களை ஜிபிஎஸ் பெட்டியில் தட்டினேன். பெட்டி கேட்டது டிகிரியும், தசமப் புள்ளியோடு கூடிய நிமிடமும். நான் 40.50 என்றும் 08.40 என்றும் போட்டேன். பெட்டி மறுக்கவில்லை, மறுத்திருந்தால் பிழைத்திருப்பேன். ஐம்பது விநாடி என்பது ஒரு நிமிடத்தில் ஆறில் ஐந்து பங்கு, அதாவது 0.83. நான் கொடுத்ததோ 0.50. இப்படி வடக்கு தெற்கில் சுமார் 615 மீட்டரும் கிழக்கு மேற்கில் 490 மீட்டரும் தவறி, மொத்தத்தில் முக்கால் கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போய் நின்றோம். இருட்டில், அலையின் நடுவில், ஒரு முழக் கழியில் கட்டிய கறுப்புக் கொடியை அவ்வளவு தொலைவிலிருந்து எவராலும் பார்க்க முடியாது.

காலை 10 மணிவரை சுற்றிச் சுற்றித் தேடினோம். நீரோட்டம் வலையை இழுத்துச் சென்றுவிட்டது என்று நான் சாதித்தேன். பெரியவர் எதுவும் சொல்லாமல் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பழக்கமான வழி, கரையில் தெரியும் உயரமான இரண்டு அடையாளங்களை ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் வைத்துப் பார்ப்பது. ஆனால் வலை இறக்கிய மாலையில் அவர் வல்லத்தில் இல்லை. விசைப்படகுகள் கடலுக்கு வரும் நாள் மறுநாள்; அவற்றின் இழுவலையில் எங்கள் வலை சிக்கினால் கிழிந்துபோகும். இரண்டு நாள் கழித்து வேறொரு வல்லத்துக்காரர், கிழிந்த நான்கு துண்டு வலையையும் ஒரு கொடியையும் கொண்டுவந்து கொடுத்தார். வலை, கயிறு, மிதவை, ஈயம் எல்லாம் சேர்த்து 61,000 ரூபாய் போயிற்று. அன்று இரவு காரைக்குடிக்குத் திரும்பும் பேருந்தில் அழுகை வரவில்லை. ஆத்திரமும் கடல்மேல்தான் வந்தது. தவறு என் தாளில் இருந்தது என்பது எனக்குத் தெரிய இன்னும் ஒரு மாதம் ஆயிற்று.

இந்த இடத்தில் கணக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரே இடத்தை மூன்று விதமாக எழுதலாம். டிகிரியை மட்டும் தசமமாக எழுதுவது ஒன்று. சாலை வரைபடச் செயலிகள் பெரும்பாலும் இப்படித்தான் காட்டும். டிகிரியும் தசம நிமிடமும் இரண்டாவது. கடலில் ஓடும் பெட்டிகளில் பெரும்பாலும் இதுவே. டிகிரி, நிமிடம், விநாடி என்பது மூன்றாவது. என் 9 டிகிரி 40 நிமிடம் 50 விநாடியை இரண்டாவது முறையில் 9 டிகிரி 40.833 நிமிடம் என்றும், முதல் முறையில் 9.6806 டிகிரி என்றும் எழுத வேண்டும். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். ஒரு விநாடி சுமார் 31 மீட்டர். புள்ளிக்குப் பின்னால் வரும் எண்கள் 60ஐத் தாண்டினால் அது விநாடியாக இருக்க முடியாது என்று உடனே தெரிந்துவிடும். தாண்டாதபோதுதான் ஆபத்து, ஏனென்றால் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நான் இப்போது வல்லத்தில் உள்ள எல்லாக் கருவிகளையும் தசம நிமிடத்துக்கு மாற்றிவிட்டேன். தாளில் எழுதும்போதும் ‘நிமிடம்’ என்ற சொல்லை எழுதிய பிறகே பேனாவை எடுக்கிறேன். இடத்தைக் கருவியிலேயே சேமித்து, அதே கருவியில் திறப்பது அதைவிடவும் நல்லது. ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குக் கையால் எண்ணைக் கொண்டுபோகும்போதுதான் பிழை புகுகிறது.

பெரியவரின் நோட்டுப் புத்தகத்துக்கு வேறொரு சிக்கல் இருந்தது. இன்றைய ஜிபிஎஸ் கருவிகள் டபிள்யூஜிஎஸ் 84 என்னும் புவி அளவீட்டு அடிப்படையில் இடத்தைக் கணக்கிடுகின்றன; பழைய இந்திய நிலப்படங்கள் எவரெஸ்ட் என்னும் அடிப்படையில் வரையப்பட்டவை. இரண்டிலும் எண்கள் ஒன்றாகவே இருந்தாலும், நம் பகுதியில் அவை குறிக்கும் இடங்களுக்கிடையே இருநூறு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். பெரியவர் முன்பு வேறொரு படகில் இருந்தபோது, அதன் பெட்டியில் யாரோ இந்த அமைப்பை மாற்றி வைத்திருந்திருக்க வேண்டும். அவருடைய பச்சைப் பேனாக் குறிப்புகள் மட்டும் எப்போதும் ஒரே திசையில் தள்ளிப்போனதற்கு எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. பழைய பெட்டி வாங்குகிறவர்கள், அமைப்புப் பக்கத்தில் இந்த ஒரு வரியைத் திறந்து பாருங்கள். முந்தைய உரிமையாளர் சேமித்த பாயிண்டுகளையும் அழித்துவிடுங்கள். எங்கள் பெட்டியில் ‘வீடு’ என்று சேமிக்கப்பட்டிருந்த இடம் தொண்டியே அன்று.

இனி ஆடி மாதத்து இரவுக்கு வருகிறேன். வலை இழந்ததில் மெஸ்ஸுக்கும் நண்டு இல்லை, கையிலும் பணம் இல்லை. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம், கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோள் வழியாகக் கணித்து, மீன் கூடியிருக்க வாய்ப்புள்ள இடங்களை அறிவிக்கிறது. அதன் அட்டவணையில் திசை, கிலோமீட்டரில் தொலைவு, மீட்டரில் ஆழம், டிகிரி நிமிட விநாடியில் இடம் எல்லாம் இருக்கும். நான் அந்த அட்டவணையைப் பார்க்கவில்லை. யாரோ அதிலிருந்து எடுத்ததாகச் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒற்றை வரியைத்தான் பார்த்தேன்: ‘தொண்டிக்கு நேர் கிழக்கே 28’. அலகு எழுதப்படவில்லை. ஜிபிஎஸ் பெட்டியில் திசை 90 என்றும் தொலைவு 28 என்றும் கொடுத்தேன். பெட்டியின் அலகு கடல் மைல். இருபத்தெட்டு கிலோமீட்டர் என்றால் பதினைந்து கடல் மைல். எங்கள் வல்லத்துக்கு அதுவே மிகை. இருபத்தெட்டுக் கடல் மைல் என்றால் ஏறக்குறைய 52 கிலோமீட்டர். தொண்டிக்கு நேர் கிழக்கே எல்லைக் கோடு 24 கடல் மைல் அளவிலேயே வந்துவிடுகிறது. அதாவது நான் கருவியில் வைத்த பாயிண்ட் கோட்டுக்கு அப்பால் இருந்தது.

அன்று பெரியவருக்குக் காய்ச்சல். பேரனும் நானும் மட்டும் இரவு 10 மணிக்குக் கிளம்பினோம். எல்லையைப் பற்றி எனக்கு அச்சம் இல்லாமல் இல்லை. அங்கே தாண்டினால் படகும் போகும், ஆளும் மாதக்கணக்கில் சிறையில் இருக்க நேரிடும் என்பது இந்தக் கடற்கரையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால்தான் முன்னேற்பாடாக 1974ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் உள்ள ஆறு எல்லைப் புள்ளிகளையும் பெட்டியில் ஏற்றிக் கோடு போட்டு வைத்திருந்தேன். அதிலும் அதே தவறு. அந்த ஒப்பந்தத்தின் மூன்றாவது புள்ளி, வடக்கு 9 டிகிரி 40.15 நிமிடம், கிழக்கு 79 டிகிரி 22.60 நிமிடம். வலை போன பிறகு, ஏதோ ஒரு யோசனையில் பெட்டியை விநாடி முறைக்கு மாற்றிவிட்டிருந்தேன். 22 நிமிடம் 60 விநாடி என்று கொடுத்ததைப் பெட்டி 23 நிமிடமாக எடுத்துக்கொண்டது. அந்தப் புள்ளியில் என் கோடு ஏறத்தாழ 730 மீட்டர் கிழக்கே தள்ளி நின்றது. மேற்கே தள்ளியிருந்தால் நஷ்டமில்லை. இரண்டாவது புள்ளிக்கு முழு நிமிடங்களே இருந்ததால் அது சரியாகவே இருந்தது. ஆகவே கோட்டைப் பார்த்தவுடன் சந்தேகம் எழவும் இல்லை.

இரவு 1.30 மணி அளவில் எஞ்சின் இருமுறை இருமிவிட்டு நின்றது. டீசல் வடிகட்டியில் தண்ணீர் புகுந்திருந்தது. பெட்டி, தொண்டியிலிருந்து 20.4 கடல் மைல் வந்துவிட்டதாகக் காட்டியது. கச்சான் காற்று முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. அது மேற்கிலிருந்து வீசுவது, எங்களைக் கிழக்கே தள்ளுவது. நான் எஞ்சினைப் பார்க்கவில்லை, திரைகளைப் பார்த்தேன். என் கைபேசிச் செயலி எல்லைக்கு இன்னும் 17 கிலோமீட்டர் இருப்பதாகச் சொன்னது. பேரனின் வரைபடத்தில் புள்ளிக்கோடு மிக அருகில் தெரிந்தது. விரலால் பெரிதாக்கியதும் அந்தக் கோடே மறைந்துவிட்டது. பெட்டியில் நான் போட்ட கோடு இரண்டுக்கும் இடையில் இருந்தது. உப்புத் தண்ணீர் பட்ட விரலைத் திரை ஏற்கவில்லை. சட்டையில் துடைத்துத் துடைத்து அழுத்தினேன். திசை காட்டும் அம்புக்குறி ஒரு கணம் வடக்கே, மறுகணம் தெற்கே என்று சுழன்றது. எது உண்மை என்று ஒப்பிட்டுக்கொண்டே இருபது நிமிடத்துக்கு மேல் கழித்திருக்கிறேன். கைகள் நடுங்கின என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடுங்கின.

பேரன் அதுவரை பொறுத்திருந்துவிட்டு, “அண்ணே, மொதல்ல நங்கூரத்தப் போட்டுருவோம். அப்புறம் எங்க இருக்கோம்னு பாருங்க” என்றார். பாக் நீரிணைப் பக்கம் கடல் ஆழம் குறைந்தது. பெரும்பாலான இடங்களில் பதினைந்து மீட்டருக்குள்தான். எக்கோ 11 என்று காட்டியது. அது பாகமா, மீட்டரா, அடியா என்றுகூட எனக்குத் தெரியாது. அவர் கயிற்றைக் கையால் விட்டு, அடி தட்டியதும் விரித்த கையளவில் அளந்து, ஆறு பாகம் என்றார். ஒரு பாகம் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே பெட்டி மீட்டரில்தான் காட்டுகிறது. ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு கயிறு விட்டோம். வல்லம் முகத்தைக் காற்றுக்குத் திருப்பி நின்றது. அதன் பிறகு பத்து நிமிடம் ஜிபிஎஸ் எண்கள் மாறவில்லை. அந்தப் பத்து நிமிடத்தில்தான் எனக்கு மூச்சு சீரானது.

நின்ற இடத்திலிருந்து பார்த்தபோது விஷயங்கள் ஒவ்வொன்றாகப் புரிந்தன. மூன்று திரைகளின் படங்களை விட்டுவிட்டு, மூன்றிலும் உள்ள எண்களை மட்டும் தாளில் எழுதினேன். பெட்டியும் பேரனின் கைபேசியும் ஒத்துப்போயின. என் கைபேசி மட்டும் ஒரு மணி நேரத்துக்கு முந்தைய இடத்திலேயே உறைந்திருந்தது. மின்கலம் குறைந்ததும் கைபேசியின் மின்சேமிப்பு முறை தானாக இயங்கி, செயலியை உறங்க வைத்துவிட்டது. எல்லை நெருங்கினால் ஒலிக்க வேண்டிய மணி ஒலிக்காததற்கும் அதுவே காரணம். செயலியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லைக்கு எங்களுக்கு இருந்த தொலைவு ஏறக்குறைய மூன்று கடல் மைல். கைபேசிச் சமிக்ஞை அங்கே இல்லை. கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணும், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 என்ற எண்ணும் எனக்கு மனப்பாடம். சமிக்ஞை இல்லாத இடத்தில் மனப்பாடத்தால் என்ன பயன்? விஹெச்எஃப் என்னும் கடல் வானொலிப் பேச்சுக் கருவி வாங்க வேண்டும் என்று பெரியவர் சொன்னபோது, இத்தனை திரைகள் இருக்கின்றனவே என்று தட்டிக்கழித்தவன் நான். விளக்கை எரியவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். காலை 5.30க்கு நம்புதாளை வல்லம் ஒன்று எங்களைக் கண்டு, கயிறு கட்டி ஆறு மணி நேரம் இழுத்து வந்தது. அவர்கள் கூலி கேட்கவில்லை. அவர்கள் டீசலுக்கும் இழந்த மீன்பாட்டுக்குமாக 9,500 ரூபாய் வற்புறுத்திக் கொடுத்தேன். எஞ்சின் பழுதுக்கு 14,200. உப்புத் தண்ணீரில் ஊறிய என் கைபேசி மீளவில்லை, அது 16,000.

அதற்குப் பிறகு செய்த மாற்றங்களில், பயன்பட்டவற்றை மட்டும் சொல்கிறேன். கருவிகளில் ஒன்றைத் தலைமைக் கருவியாக வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது ஜிபிஎஸ் பெட்டி. மற்றவை அதைச் சரிபார்க்க மட்டுமே. கிளம்பும் முன் துறைமுகத்தில் நின்றபடியே எல்லாக் கருவிகளின் எண்களையும் வாய்விட்டுப் படித்து ஒப்பிடுகிறோம். இரண்டு நிமிட வேலை. நிமிடத்தின் மூன்றாவது தசம இடம் இரண்டு மீட்டருக்கும் குறைவு என்பதால் அது மாறினால் கவலையில்லை. முதல் தசம இடம் மாறினால், கண்டுபிடிக்கும்வரை கயிற்றை அவிழ்ப்பதில்லை. கைபேசியில் மின்சேமிப்பை அந்தச் செயலிக்கு மட்டும் நீக்கிவிட வேண்டும். வரைபடத்தைக் கரையிலேயே முழுமையாகப் பதிவிறக்கிக்கொள்ள வேண்டும். கைபேசிச் சமிக்ஞை இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். அது தவறு. விமானப் பயன்முறையில் போட்டாலும் இடம் காட்டும், மின்கலமும் நெடுநேரம் வரும். படகு நகராமல் மிதக்கும்போது திரையின் அம்புக்குறியை நம்பாதீர்கள். பல கருவிகள் நகரும் வேகத்தைக் கொண்டே திசையைக் கணக்கிடுகின்றன, வேகம் இல்லாதபோது அது வெறும் ஊசலாட்டம். கைபேசியின் காந்தத் திசைகாட்டியும் எஞ்சின் பக்கத்தில் பொய் சொல்லும். ஐம்பது ரூபாய்த் திசைகாட்டி ஒன்றை, இரும்பிலிருந்து தள்ளி, முன்பக்கத்தில் திருகி வைத்திருக்கிறேன்.

சாலைக்கான வரைபடத்தைக் கடலில் திறந்தால் நீலம் மட்டும்தான் தெரியும். மணல்திட்டும் தெரியாது, ஆழமும் தெரியாது. கடல் வரைபடத்தில் ஆழ எண்கள் உண்டு, ஆனால் அந்த அளவீடு எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்பதை மூலையில் தேடிப் பாருங்கள். கரையோர மணல் ஒவ்வொரு வாடைக் காலத்திலும் இடம் மாறும் என்று பெரியவர் சொல்வதை எக்கோவில் நானே பார்த்திருக்கிறேன். எல்லைக் கோட்டை இப்போது நான் ஒப்பந்தப் புள்ளிகளில் போடுவதில்லை. அதற்கு ஐந்து கடல் மைல் மேற்கே எங்களுக்கென்று ஒரு கோடு போட்டு, அதைத் தொட்டால் திரும்புகிறோம். இரண்டு மூன்று மைல் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். ஆடிக் கச்சானில் எஞ்சின் நின்று மிதந்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். கையடக்க விஹெச்எஃப் ஒன்றும் வாங்கியாயிற்று. அவசர அழைப்புக்கான பதினாறாம் சேனலைத் திறந்தே வைத்திருக்கிறோம்.

சென்ற வாரம் பெரியவரின் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூவரும் போனோம். ஒவ்வொரு பாயிண்டிலும் அவர் முதலில் கரையைப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் தெக்க... நிறுத்து” என்பார், பேரன் பெட்டியில் உள்ள எண்ணைப் படிப்பார், நான் புதிய நோட்டில், நிமிடம் என்ற சொல்லோடு, எழுதுவேன். அன்று பதினாறு பாயிண்டுகள் முடிந்தன. பச்சைப் பேனாவில் எழுதியவை இன்னும் மீதம் இருக்கின்றன. அவற்றுக்கு வாடை தொடங்கும் முன் இன்னொரு நாள் போக வேண்டும்.